வெளியே யாராவது உண்டா?

ஒரு விடுகதை போடுகிறேன், சார். மூச்சு வாங்கிக்கொண்டே யோசியுங்கள், அவசரமில்லை. கதவில்லாத வாசல். காலையில் திறப்பு, சாயங்காலம் அடைப்பு. அது என்ன?

கண் என்கிறீர்கள். கோட்டை பார்க்க ஏறி வருகிற எல்லாரும் கண் என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு வாத்தியார் தாமரைப்பூ என்றார். அவரோடு வந்த அம்மாள், "இவர் வாய்" என்றார். பிறகு, "இல்லை, இது சாயங்காலமும் மூடாது" என்று தாமே திருத்திக்கொண்டார். ஒன்றும் சரியில்லை. விடை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் சாய்ந்திருக்கிற கல்தூண் ஒன்று, எதிரே நிற்கிற தூண் ஒன்று. இரண்டிலும் இடுப்பு உயரத்தில் ஒரு துளை இருக்கிறது, பாருங்கள். கையை விட்டே பாருங்கள், தேள் இல்லை, காலையில்தான் பார்த்தேன். அந்தத் துளையில் கம்பின் ஒரு முனை, இந்தத் துளையில் மறு முனை. கம்பு போட்டால் வாசல் அடைத்தாயிற்று. எடுத்தால் திறந்தாயிற்று. மரக்கதவு எந்தக் காலத்தில் போயிற்று என்று என் அப்பாவுக்கும் தெரியாது. கதவு போனால் என்ன, வாசல் போகவில்லையே.

என் பெயர் மாதையன். இந்த வேங்கைக்கரட்டில் வாசல் வீடு என்றால் எங்கள் வீடு. அதோ, வேம்புக்குக் கீழே ஓடு தெரிகிறதே, அதுதான். இந்தக் கோட்டையைக் கட்டிய ராஜா யார் என்று என்னைக் கேட்காதீர்கள், தெரியாது. ஆனால் வாசலை அடைத்தவன் யார் என்று கேட்டால் சொல்வேன். எங்கள் ஆள்.

கம்பு ஏன் கீழே கிடக்கிறது என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்காரச் சொன்னேன். தண்ணீர் குடியுங்கள், சுனைத் தண்ணீர்தான், ஒன்றும் செய்யாது. இன்னும் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? இருட்டும் வரைக்கும் இருப்பீர்களா? சும்மாதான் கேட்டேன்.

ஏறி வரும்போது அடிவாரத்தில் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள். பார்த்தீர்கள் அல்லவா? படிக்க முடிந்ததா? முடிந்திருக்காது. சாணி பூசியிருக்கும். பூசியது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "இடைக்காலக் கோட்டையும் பாழடைந்த மலையூரும். மக்கள் வசிப்பு இல்லை." மக்கள் வசிப்பு இல்லையாம். அப்படியென்றால் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்? பலகை வைத்தவர்கள் வந்து கழுவிவிட்டுப் போவார்கள். நான் மறுபடி பூசுவேன். கேட்டால், "என் வீட்டு வாசல் மெழுகினேன், கொஞ்சம் மிச்சம் இருந்தது" என்பேன். இன்று காலையிலும் பூசிவிட்டுத்தான் வந்தேன்.

நான் ஒன்றும் சண்டைக்காரன் இல்லை. எங்கள் முறையைச் செய்கிறேன், அவ்வளவுதான்.

முறை என்ன என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன், இது தெரியாமல் மற்றது புரியாது. முன்னொரு காலத்தில் குதிரைப்படை வருகிறது என்று சொல்லி, வாசல் வீட்டுக்காரன் அவசர அவசரமாகக் கதவை அடைத்துவிட்டானாம். விறகுக்குப் போன பெண்கள் வெளியே நின்றுவிட்டார்கள். தட்டினார்கள். திறந்தால் படையும் உள்ளே வந்துவிடும், திறக்க முடியவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. அன்றிலிருந்து வந்ததுதான் முறை. பொழுது சாய்ந்ததும் வாசல் வீட்டுக்காரன் இங்கே நின்று, கீழே பார்த்து, "வெளியே யாராச்சும் உண்டா?" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் கம்பு போட வேண்டும். போட்ட கம்பை விடியும்வரை எடுக்கக் கூடாது. பதில் வந்தால் கம்பு போடக் கூடாது. வெளியே இருப்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வராமல் நின்றால் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கூட்டிவர வேண்டும். அப்படிப் போகும்போது வாசலை வெறுமனே விட்டுப் போகக் கூடாது. யாராவது ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவ்வளவுதான் முறை. என் அப்பா காலத்தில் பதில் வரும். சந்தைக்குப் போனவன், மாடு தேடிப் போனவன், மாமியார் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வருகிறவள், யாராவது ஒருவர் "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டே ஓடி வருவார்கள். என் காலத்தில் பதில் குறைந்துபோயிற்று. ஆனாலும் ஒருநாள் விடாமல் கூப்பிட்டேன். காய்ச்சலில் படுத்த நாளில்கூட வெண்ணிலாவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று கூப்பிட்டேன். வெண்ணிலா என் வீட்டுக்காரி.

அவள் கீழே இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. அப்படி நினைக்காதீர்கள்.

உங்களுக்கு வலது பக்கம் பாருங்கள். மதில் எங்கே? அதுதான் உடைப்பு. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு மதில் சரிந்துவிட்டது. ஒரு கல் உருண்டு போய் ஒரு மாட்டுக் கொட்டகையை நசுக்கிற்று. மாடு மேய்ச்சலில் இருந்ததால் பிழைத்தது. ஆனால் ஊர் பயந்துவிட்டது. அதற்கு முன்பே அடிவாரத்தில் காலனி வீடு கட்டித் தருகிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் போகவில்லை. மழைக்கு அப்புறம் ஒவ்வொரு வீடாக இறங்கிப் போயிற்று. கீழே நீலத் தகரம் போட்ட வீடுகள் தெரிகிறதல்லவா, அதுதான் காலனி. ரோடு இருக்கிறது, குழாய் இருக்கிறது, பஸ் நிற்கிறது. எல்லாம் இருக்கிறது. வாசல் மட்டும் இல்லை.

உடைப்பை ஏன் கட்டவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். எதை வைத்துக் கட்டுவது? சரிந்த கல்லெல்லாம் என் ஆட்டுப்பட்டிக்குச் சரியாகப் போயிற்று. கல் சும்மா கிடக்கலாமா? சுவரில் பெயர் கிறுக்கி வைக்கிறார்களே, அவர்களைத்தான் நான் சும்மா விடமாட்டேன். அது வேறு.

நான் ஏன் இறங்கவில்லை? இதையும் கேட்கிறார்கள். கணக்கு எளிது, சார். ஊரே இறங்கினாலும் வாசல் வீடு கடைசியில்தான் இறங்க வேண்டும். கடைசியாக இறங்குகிறவன் கம்பு போட்டுவிட்டுப் போக வேண்டும். கம்பை உள்ளே நின்றுதான் போட முடியும். உள்ளே நின்று போட்டவன் எப்படி வெளியே போவான்? ஆகவே வாசல் வீடு இறங்காது. இதில் என்ன தப்பு இருக்கிறது? இதைச் சொன்னதும் என் மகள் கேட்டாள், "ஏப்பா, கம்பைப் போட்டுட்டு உடைப்பு வழியா இறங்கலாமே?"

"பாப்பா, அது வழி இல்லை. மதில் விழுந்த இடம்."

"ஆடெல்லாம் அதுலதானே போகுது?"

"ஆட்டுக்கு முறை தெரியுமா?"

"கம்புக்குக் கீழே குனிஞ்சாக்கூட போயிடலாம்ப்பா."

"குனிஞ்சு வர்றது திருடன் வர்ற வழி."

அவள் பெயர் கோபிகா. ஆறாவது படிக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தப் பேச்செல்லாம்.

வெண்ணிலா போன ஆனியில், பள்ளிக்கூடம் திறந்தபோது இறங்கினாள். எங்கள் பேருக்கும் காலனியில் ஒரு வீடு இருக்கிறது. "பாப்பாவுக்குப் பஸ் வசதி. நீங்க வரும்போது வாங்க" என்றாள். நான், "பாப்பா வரமாட்டா. ஊர்ல ஒரு குழந்தையாவது இருக்கணும்" என்றேன். "எந்த ஊர்ல?" என்று கேட்டாள். அதற்கெல்லாம் பதில் சொல்வார்களா? கடைசியில் பாப்பாவே, "நான் அப்பாகூட இருக்கேன்மா. காலையில உன்கிட்ட வந்து தலை பின்னிக்கிறேன்" என்றாள். அப்படியே நடந்தது. காலையில் கம்பை எடுத்ததும் விரித்த தலையோடு ஓடுவாள். கீழே போய் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் நான் கூப்பிடும்போது அந்தப் புளியமரத்து வளைவில் வந்துகொண்டிருப்பாள். மூன்றாவது தரம் கூப்பிடுவதற்குள் உள்ளே குதித்துவிடுவாள். குதித்ததும், "இப்போ போடுப்பா" என்பாள். கம்பின் ஒரு முனையை அவளே பிடிப்பாள். நானும் அவளும். இரண்டு பேர்.

ஒருத்தன் இருந்தால் அது காவல், சார். இரண்டு பேர் இருந்தால் ஊர்.

கார்த்திகையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாட்டுக்கு எடுத்தார்கள். நல்ல ஓட்டம் ஓடுவாள். மலையில் வளர்ந்த கால் அல்லவா. பள்ளி விட்ட பிறகு பயிற்சி. கார்த்திகையில்தான் பொழுது சீக்கிரம் சாயும். நான், "வேண்டாம், நேரமாயிடும்" என்றேன். அவள், "வந்துடுவேன்ப்பா, நான்தான் எங்க டீம்லேயே வேகம்" என்றாள். வந்துகொண்டும் இருந்தாள். முழங்காலெல்லாம் மண்ணோடு, பையை முதுகில் தடதடவென்று அடித்துக்கொண்டு வருவாள். அந்த விளையாட்டை எனக்கு இந்த இடத்திலேயே கோடு போட்டுக் காட்டினாள். ஒரு வரிசையில் உட்கார்ந்திருப்பார்களாம். அந்த வரிசைக்கு நடுவே விரட்டுகிறவள் புகுந்து போகக் கூடாதாம். கம்பம்வரை ஓடிச் சுற்றித்தான் வர வேண்டுமாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா? நடுவுல சுவரா இருக்கு? ஒண்ணும் இல்லை. ஆனாலும் போகக் கூடாது. அதுதான் முறை. நம்ம வாசலும் அப்படித்தான்" என்றேன்.

அவள் தரையில் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே, "விரட்டுறவதான்ப்பா போகக் கூடாது. ஓடுறவ போகலாம்" என்றாள்.

சின்னப்பிள்ளை. அதெல்லாம் விளையாட்டுப் பேச்சு.

ஒருநாள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. எனக்கு எப்படித் தெரியும்? நான் நேரத்துக்கு வந்து நின்றேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. மூன்றாவது தரம் கொஞ்சம் நீட்டிக் கூப்பிட்டேன், அதற்கு மேல் முறையை நீட்ட முடியாது. பதில் இல்லை. சரி, அம்மா வீட்டில் இருந்துவிட்டாள் போல என்று கம்பைப் போட்டேன். போட்டு உலை வைத்திருப்பேன், அதற்குள் "அப்பா" என்று சத்தம். வந்து பார்த்தால் கம்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

"எடுப்பா."

"போட்டாச்சே பாப்பா."

"தெரியும். எடுப்பா, பசிக்குது."

எடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள், படித்தவர்கள் இப்படித்தான் சிரிப்பீர்கள். நான் எடுக்கவில்லை. ஆனால் குழந்தையைப் பட்டினி போட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கம்புக்கு மேலே நீட்டினேன். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன். குளிர் அடித்தது, என் போர்வையைக் கொடுத்தேன். பாட்டரி விளக்கைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டேன், அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். முறையும் தவறவில்லை, பிள்ளையும் பசியாறினாள். இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

ஒரு ஆடு உடைப்பு வழியாகப் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வெண்ணிலா வந்தாள். பஸ் தாமதமாகியும் பிள்ளை கீழே தங்க வரவில்லை, மேலே வாசலில் விளக்கு தெரிகிறது, என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறாள். பார்த்தாள். நேரே உடைப்பு வழியாக ஏறி உள்ளே வந்தாள். என் பக்கத்தில் நின்றாள். வாசல் வீட்டு மருமகள், சார்.

"ஏங்க, நீங்க உள்ளே. புள்ள வெளியே. நடுவுல ஒரு கம்பு. நான் நடந்துதான் வந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"போட்ட கம்பு..."

"'பாப்பா, அந்தப் பக்கமா வா' அப்படின்னு வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதா உங்களுக்கு? குதிரைப்படையா வருது? அங்கே பாருங்க, வெள்ளாடு வருது!"

பாப்பா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வரவிடவில்லை. வெண்ணிலா அதே உடைப்பு வழியாக இறங்கிப் போய்ப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டாள். போகும்போது பாப்பா போர்வையை மடித்துக் கம்பின்மேல் போட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு முறை தெரியும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உடைப்பு வழியாக ஒரு அடி உள்ளே வைக்கவில்லை. நான் அதை நினைத்து அன்றைக்கு ரொம்பப் பெருமைப்பட்டேன்.

மறுநாள் நேரத்தோடு வந்தாள். வந்து என்னிடம் ஒன்று ஒன்றாகக் கேட்டாள். "அப்பா, கம்பு போடறதுக்கு முன்னாடி யாராச்சும் இருக்கேன்னு சொல்லிட்டா போடக் கூடாதா?" கூடாது. "அவங்க உள்ளே வரலைன்னா?" வரும்வரை நிற்கணும். "வரவே மாட்டேன்னு நின்னா?" விளக்கை எடுத்துக்கிட்டு நான்தான் போய்க் கூட்டிக்கிட்டு வரணும். "கட்டாயம் போகணுமா?" கட்டாயம். "எவ்வளவு தூரம் இருந்தாலும்?" குரல் கேட்கிற தூரம் வரைக்கும். "புளியமரத்து வளைவுலேர்ந்து குரல் கேட்குமாப்பா?" நன்றாகவே கேட்கும், இது மலை அல்லவா என்றேன். கேட்கக் கேட்கச் சொன்னேன். எனக்குப் பிறகு வாசலுக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். தப்பா?

இருங்கள், இருங்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. நீங்கள் இறங்குவதற்கு என் விளக்கு வேண்டுமென்றாலும்... இல்லை, அது எனக்கு வேண்டும். புது பாட்டரி போட்டு வைத்திருக்கிறேன். எதற்கென்றா? விளக்கு என்றால் பாட்டரி இருக்க வேண்டும், அதற்குத்தான்.

பலகைக்கு வருகிறேன். தை பிறந்ததும், சாணி பூசுகிறார்கள் என்று விசாரிக்கப் பலகை வைத்த ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்ன வயசு, தலையில் தொப்பி, தோளில் பை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். "ஏன் பூசறீங்க?" என்றார்.

"பொய்ல சாணி பூசறது தப்பா?" என்றேன்.

"என்ன பொய்?"

"மக்கள் வசிப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நான் மக்கள் இல்லையா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். இடிந்த வீடுகளைப் பார்த்தார். "நீங்க மட்டும்தானே இருக்கீங்க? உங்களைக் காவல்காரர்னு எழுதிக்கலாம். சம்பளம்கூட வாங்கித் தர முடியும்" என்றார்.

"அம்மா, காவல்காரன்னா அடுத்தவன் சொத்துக்குக் காவல். இது எங்க ஊர். நானும் என் மகளும் இருக்கோம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மகளும் இங்கேயா? நிஜமாவா? ஒரு குடும்பம் வசிக்குதுன்னா விஷயமே வேற. பலகையை மாத்தச் சொல்லி நானே எழுதுவேன். ஆனா பொண்ணுகிட்ட நான் கேட்கணும். அவ வாயால சொல்லணும்."

"தாராளமா கேளுங்க" என்றேன். பயமே இல்லை எனக்கு. ஆறு மாதமாக என் கூடக் கம்பின் மறு முனையைப் பிடித்த பிள்ளை. மறுநாள் சாயங்காலம் வருவதாகச் சொல்லி அவர் இறங்கிப் போனார். மறுநாள் காலையிலேயே பாப்பாவிடம் சொன்னேன், "இன்னிக்கு ஒரு அம்மா வருவாங்க. எங்கே இருக்கேன்னு கேட்டா, இங்கேதான்னு சொல்லு" என்று. "எங்கே இருக்கேன்னு கேட்பாங்களா?" என்று திரும்பக் கேட்டாள். "ஆமா, அதைத்தான் கேட்பாங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

சாயங்காலம் அந்த அம்மாவும் நானும் காத்திருந்தோம். அவர் சுனையைப் பார்த்தார், தானியக் களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்து வௌவாலுக்குப் பயந்து ஓடி வந்தார். நல்ல பொம்பளை. பொழுது சாய்ந்தது. நான் எழுந்து இங்கே நின்றேன். கம்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நடந்ததிலிருந்துதான் கம்பு கீழே கிடக்கிறது. அந்த அம்மா அன்றைக்கு ஒன்றும் எழுதாமலே இறங்கிப் போய்விட்டார். மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார். வரட்டும். பலகை அப்படியே நிற்கிறது, சாணியும் அப்படியே.

அன்றிலிருந்து வாசல் திறந்து கிடக்கிறது, சார். என் தலைமுறையில் இப்படி ஆனதே இல்லை. முறைப்படி நான் கம்பு போட முடியாது, பதில் வந்துவிட்டதே. முறைப்படி இறங்கிப் போய்க் கூட்டிவர வேண்டும். ஆனால் முறைப்படி வாசலைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. அந்தக் காலத்தில் வாசல் வீட்டில் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஒருவன் போவான், ஒருவன் உட்காருவான். இப்போது நான் ஒருத்தன். நான் என்ன செய்வேன்? ராத்திரியெல்லாம் இந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பிடிவாதம் என்று வெண்ணிலா சொல்லியனுப்புகிறாள். பிடிவாதம் யாருக்கு? எனக்கா, அந்தச் சின்னப்பிள்ளைக்கா? தினமும் பயிற்சி முடிந்ததும் புளியமரத்து வளைவுவரை ஏறி வருகிறாள். நான் கூப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிறாள். ஒருநாள் தவறவில்லை. பதில் சொல்கிறாள், திரும்பிப் போகிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் காதிலேயே விழும்.

பலகைக்காரர்களுக்குப் பணியவில்லை நான். ஊரே இறங்கியபோது இறங்கவில்லை. ஒரு பிள்ளை கூப்பிட்டது என்பதற்காக இறங்கிவிடுவேனா? முறை இருந்தால் இறங்குவேன். முறைக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

செருப்பு போட்டிருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். முள் இருக்கிறது, அதனால் போட்டிருக்கிறேன். சட்டை? துவைத்தேன், போட்டேன்.

வாசலில் உட்கார வாசல் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று முறையில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் வெளியூர் என்று இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நான் உங்களைக் கேட்கவில்லை, சார். முறையைச் சொன்னேன். நீங்கள் இருட்டும்வரை இருப்பேன் என்றால் அது உங்கள் இஷ்டம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றுதானே கேட்டீர்கள்? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். பாப்பா புளியமரத்து வளைவு தாண்டி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். அதோ, அந்தச் சப்பைக் கல் வரைக்கும் வந்து நின்றுகொண்டாள். முழங்காலில் மண். "வெளியே யாராச்சும் உண்டா?" என்று கூப்பிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது தரம் கூப்பிட்டேன். பையை இறக்கிக் கீழே வைத்தாள். "உள்ளே வா பாப்பா" என்றேன், அது முறையில் இல்லை, நானாகச் சொன்னது. மூன்றாவது தரம் கூப்பிட்டேன்.

"நான் இருக்கேன்ப்பா" என்றாள்.

"இருக்கேன்னா வா."

"நான் வெளியே இருக்கேன். நீ வந்து கூட்டிக்கிட்டுப் போ."

பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். இறங்கி அவள் அம்மா வீட்டுக்குப் போனாள்.